ஒத்துப்போகாத ரத்தம்

ஜீயபுரம்
1.9.2025

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ என் நம்பரைத் தடுத்து வைத்து இன்றோடு இருபது நாள். என் வீட்டுக்காரி ராசாத்தி போனிலிருந்து அடித்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அவள் கொண்டுவந்த கஞ்சியை வாங்கிக்கொண்டாய், என்னை மட்டும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டாய். போன வாரம் ஸ்ரீரங்கம் வரை வந்தேன். உன் வீட்டு மாடிப்படியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். முக்கால் மணி நேர பஸ் தூரத்துக்குத் தபால் எழுதுகிறேன். போஸ்ட் ஆபீஸில் கவர் கேட்டபோது அங்கிருந்த பெண், "என்னண்ணே, கலெக்டருக்கு மனுவா?" என்றது. மனுதான் என்றேன்.

அன்றைக்கு நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீ தையல் மிஷின் மேலேயே மயங்கி விழுந்ததாகவும், ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட்டதாகவும் கீழ்வீட்டு பவுனம்மாள் போன் அடித்தது. வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தவன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். உன் கண்ணெல்லாம் மஞ்சள், உதடு வெள்ளை. டாக்டரம்மா, "பன்னெண்டு இருக்க வேண்டிய ரத்தம் நாலரைதான் இருக்கு. உடனே ஏத்தணும்" என்றார்கள்.

ரத்த வங்கிக்கு ஓடினேன். பதினொரு மணிக்குப் போனால், ஒத்துப்போகவில்லை, பொறுங்கள் என்றார் அங்கே இருந்தவர். ஒரு மணிக்கும் அதே பதில். மூன்று மணிக்கு, "எந்த ரத்தமும் ஒத்துப்போகல, இன்னும் பாத்துட்டு இருக்கோம்" என்றார். நீ ஓ பாசிட்டிவ். நானும் அதுதான். திருச்சியில் தடுக்கி விழுந்தால் ஓ பாசிட்டிவ்காரன் மேல்தான் விழ வேண்டும். எந்த ரத்தமும் சேரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? உன் வியாதி தெரிந்துதான் தட்டிக் கழிக்கிறார்கள் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. கத்திவிட்டேன். வராந்தாவில் இருந்த இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பவுனம்மாள் பிளாஸ்க்கோடு பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் வாயால் உன்னைக் கெடுத்துவிட்டேன்.

மாமா போன பிறகு பதினோரு வருஷமாக நீ பொத்திப் பொத்தி வைத்திருந்ததை நான் சந்தியில் போட்டு உடைத்தேன். மன்னித்துவிடு. ராசாத்திக்கு இன்னும் உனக்கு ரத்தக்குறைவு என்று மட்டும்தான் தெரியும்.

என் மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். ஆனால் புதிதாகக் கொடுத்த மாத்திரை எட்டாம் தேதியோடு தீர்கிறது. ஒன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறார்கள். நீ இரவில் வழக்கமாகப் போடும் மாத்திரை வேறு, இது வேறு. இதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் மறுபடி அழியும், உயிருக்கே ஆபத்து என்று அவர்கள் உன்னிடம் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டேன். எனக்காக வேண்டாம், உன் மகள் பானுவுக்காகப் போய் வா.

தம்பி
முருகானந்தம்


ஸ்ரீரங்கம்
6.9.2025

முருகானந்தத்துக்கு,

கடிதம் கிடைத்தது.

ஆடி மாதக் கடைசியில் என் அலமாரியில் பதினேழு ப்ளவுஸ் துணி இருந்தது. இன்றைக்கு நாலு இருக்கிறது. "அவசரமா வேணும் கலை, வேற எடத்துல குடுத்துக்கிறேன்" என்று ஒவ்வொருத்தியாக வந்து வாங்கிப் போனார்கள். அளவு ப்ளவுஸையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். அளவு ப்ளவுஸை வாங்கிப் போகிறவள் திரும்ப வரமாட்டாள், இது எந்தத் தையல்காரிக்கும் தெரியும். எதிர்வீட்டுப் பெண் நான் கத்திரிகூட வைக்காத புதுத் துணியைத் தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள். மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

பவுனம்மாள் அன்றைக்குப் போனவள்தான். கீழே அவள் வீட்டுக் கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது. மேலே வருவதில்லை.

மாதாமாதம் மாத்திரை வாங்கப் போகும்போது, சமயபுரத்துக்கு வேண்டுதல் என்று தெருவில் சொல்லிவிட்டுப் போவேன். பதினோரு வருஷ வேண்டுதல். குங்குமம்கூட வாங்கிவந்து கொடுப்பேன். இப்போது நான் செருப்பு மாட்டினாலே எங்கே போகிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். பொய்யான குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டவர்கள் என்னை என்ன நினைப்பார்கள் என்று எனக்கும் தெரியும்.

ஒன்பதாம் தேதி போகமாட்டேன். அந்த வராந்தாவில் என்னால் நடக்க முடியாது. இரவு மாத்திரை கையில் இருக்கிறது, அது போதும்.

நீ வராதே. பானுவிடம் சொல்லாதே. சென்னையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது, லீவு போட்டுவிட்டு ஓடி வருவாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். எதற்குக் கேட்க வேண்டும் என்பது உனக்கு இன்னும் தெரியவில்லை.

கலைமதி


ஜீயபுரம்
15.9.2025

அக்காவுக்கு,

ஒன்பதாம் தேதி காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை ஆஸ்பத்திரி வாசலில் நின்றேன். நீ வரவில்லை. ஒவ்வொரு ஆட்டோவாக எட்டிப் பார்த்ததில் ஒரு டிரைவர் என்னைத் திருடன் என்று நினைத்துவிட்டான்.

அப்படியே திரும்ப மனசில்லாமல் ரத்த வங்கிக்குப் போனேன். அன்றைக்கு நான் திட்டியவர் பெயர் இன்னாசிராஜ். லேப் டெக்னீஷியன். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார், மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறான் என்று நினைத்திருப்பார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன் என்றேன். "உக்காருங்கண்ணே" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

அக்காவுக்கு என்னதான் கோளாறு என்று கேட்டேன். "அவங்க சொல்லச் சொல்லாம அவங்களப் பத்தி நான் பேசக் கூடாது. இந்த மாதிரி வர்றவங்களுக்குப் பொதுவா என்ன ஆகும்னு சொல்றேன்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. முன்பின் தெரியாத மனுஷன், உன் பெயரை வாயில் எடுக்கக்கூட யோசிக்கிறார். கூடப் பிறந்தவன் நான்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். ரத்தம் ஏற்றுவதற்கு முன்னால், நோயாளியின் ரத்தத்தில் மேலே தெளிகிற நீரையும் கொடுக்கப்போகிற ரத்தத்தையும் ஒரு குழாயில் கலந்து பார்ப்பார்களாம். சேர்ந்தால் ஒரே சீராக இருக்கும். சேராவிட்டால் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக நிற்கும். "சில பேருக்கு உடம்புல இருக்கிற எதிர்ப்புச் சக்தியே தடம் மாறிப்போயி, சிவப்பணுவ எதிரின்னு நெனச்சு ஒட்டிக்கும். எந்த ஆளோட ரத்தமா இருந்தாலும் விடாது. அவங்க ரத்தத்த அவங்க ரத்தத்தோடயே சேத்துப் பாத்தாலும் ஒத்துப்போகாதுண்ணே" என்றார்.

"அப்ப கூடப்பொறந்தவன் ரத்தம்?" என்று கேட்டேன்.

"அதுக்கும் எந்தச் சலுகையும் கிடையாது."

எச்.ஐ.வி. இருக்கிறவர்களுக்கு ரத்தம் குறைந்தால் மாத்திரையின் கோளாறா, காசநோயா, சத்துக்குறைவா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்களாம். இது அபூர்வமாக வருவது. வைரஸ் முழுக்க அடங்கியிருந்தாலும் வரலாமாம். மாத்திரை தவறியதால் வருவது இல்லை, யாருடைய தப்பும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

கிளம்பும்போது, "அன்னிக்கு நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்றேன், அது என் வேலை, சொல்லலாம். பதினோரு பை எடுத்துப் பாத்தேன். எதுவும் முழுசா சேரல. இருக்கிறதுலயே கொஞ்சமா சண்டை போடுற ரெண்டு பையப் பிரிச்சு எடுத்து டாக்டர்கிட்ட பேசி அனுப்பினேன். ஒதுக்கணும்னா மொத நிமிஷத்துலயே ஒதுக்கியிருப்பேன். பதினோரு தடவ எதுக்குப் பாக்கணும்?" என்றார். அக்கா, நான் வராந்தாவில் நின்று அந்த மனுஷனைக் கண்டபடி பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அவர் மத்தியானச் சாப்பாடுகூடச் சாப்பிடாமல் உனக்கு ரத்தம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

எதற்கு மன்னிப்பு என்று தெரியவில்லை என்கிறாய். தெரியாமல் என்ன? ரகசியத்தை உடைத்தேன். பவுனம்மாள் உன்னிடம் வந்து சொல்லும்படி ஆயிற்று. உன் பிழைப்பில் மண் விழுந்தது. ஆனால் ஒன்று, கத்தியது பாசத்தில்தான். என் அக்கா சாகக் கிடக்கிறாளே என்கிற பதற்றத்தில்தான். அதையாவது நீ ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை போடுகிறாயா இல்லையா? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

முருகானந்தம்


ஸ்ரீரங்கம்
27.9.2025

தம்பி,

புரட்டாசி சனிக்கிழமை. தெரு முழுக்கக் கூட்டம், எல்லாரும் கோயிலைப் பார்த்துப் போகிறார்கள். எனக்குத் தைக்கத் துணி இல்லை, அதனால் எழுதுகிறேன்.

பவுனம்மாள் எதுவும் என்னிடம் வந்து சொல்லவில்லை. நான் அங்கேயே இருந்தேன்.

ஸ்கேனுக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் வருவதற்காக ரத்த வங்கிக்கு எதிர்ச் சுவரோரம் ஸ்ட்ரெச்சரை நிறுத்தியிருந்தார்கள். கழுத்து வரை போர்வை. உன் முதுகுக்கும் எனக்கும் நாலு முழம் இருக்கும். கண்ணைத் திறக்கத்தான் தெம்பில்லை, காது நன்றாகவே கேட்டது.

"எச்.ஐ.வி.ன்னுதானே ஒதுக்குறீங்க" என்றாய். அது வரைக்கும் எனக்குக் கோபம் இல்லை. எனக்காக ஒருத்தன் கத்துகிறானே என்றுகூட இருந்தது. அதற்கு அப்புறம் ஒன்று சொன்னாய். அது உன் இரண்டு கடிதத்திலும் காணோம். நான் எழுதுகிறேன்.

"எங்க குடும்பத்துல யாருக்கும் இந்த அசிங்கம் கிடையாது. லாரிக்காரனுக்குக் கட்டிக் குடுத்ததால வந்தது. என் ரத்தம் சுத்தமான ரத்தம். இத எடுத்து அவளுக்கு ஏத்துங்க."

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. என் ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நின்ற ஆயாம்மா, யாரென்றே தெரியாது, என் நெற்றியில் கையை வைத்தாள். அன்றைக்கு அந்த வராந்தாவில் எனக்குச் சொந்தம் என்று இருந்தது அந்தக் கை ஒன்றுதான்.

அந்த லாரிக்காரர் என் புருஷன். பெயர் ரெங்கராஜ். எனக்குத் தெரியாமல் எங்கேயோ எதையோ வாங்கிவந்தார், எனக்கும் கொடுத்தார், அதற்காக அவரோடு நான் போட்ட சண்டை உனக்குத் தெரியாது. கடைசி ஆறு மாதம் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதவர் அவர். அவரைத் திட்ட வேண்டுமென்றால் நான் திட்டிக்கொள்வேன். உனக்கு அந்த வேலை வேண்டாம்.

மூன்றாம் நாள் டாக்டரம்மா வந்து உட்கார்ந்து விவரமாகச் சொன்னார்கள். "வைரஸ் இருக்கிற எடமே தெரியல, அவ்வளவு ஒழுங்கா மாத்திரை போட்டிருக்கீங்க. இப்ப உங்க ரத்தத்த அழிக்கிறது அது இல்ல. உங்க உடம்புல காவலுக்கு இருக்கிறதே உங்க சிவப்பணுவ எதிரின்னு நெனச்சு அடிக்குது" என்றார்கள். அதைக் கேட்டதும் எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. சிரித்துவிட்டேன். எதற்குச் சிரிக்கிறேன் என்று அவர்களுக்குப் புரியவில்லை.

உன் தப்பை மட்டும் எழுதினால் நியாயம் இல்லை. என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். மே மாதமே படி ஏறினால் மூச்சு வாங்கியது. கண் மஞ்சளாக இருந்தது. மாத்திரை வாங்கப் போன இடத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால், ஒழுங்காக மாத்திரை போடாமல் ஏமாற்றுகிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டேன். பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறாமல் போட்டவள் என்று அவர்கள் என்னை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டுவார்கள். அந்தப் பெயர் போய்விடக் கூடாது என்று கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மஞ்சள் காமாலைதான் என்று கீழாநெல்லியை அரைத்து நானே குடித்தேன். நல்ல பெயருக்காக மூன்று மாதம் ரத்தத்தைக் கரையவிட்டேன்.

நீ கேட்ட ஒரு வரி இது. புது மாத்திரையை நிறுத்திவிட்டேன். தீர்ந்துபோவதற்கு முன்பே நிறுத்தினேன். அதைப் போட்டதில் முகம் வட்டமாக உப்பிவிட்டது. மிச்சம் இருந்த நாலு பேரில் ஒருத்தி, "என்ன கலை, அந்த வியாதிக்கு முகம்கூட மாறுமா?" என்று கேட்டாள். அன்றைக்கே டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

மூன்று நாளாகச் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. குடத்தைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி ஏறி உட்கார்ந்துவிடுகிறேன். பயமாகத்தான் இருக்கிறது.

கலை


ஜீயபுரம்
30.9.2025

அக்கா,

இதைத் தபாலில் போட்டால் ஆயுத பூஜை லீவில் மாட்டிக்கொள்ளும். நானே கொண்டுவந்து உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன். தட்டமாட்டேன். உன்னைக் கேட்காமல் உன் விஷயத்தில் இனி எதுவும் செய்வதில்லை என்று இருக்கிறேன். ஆனால் மூச்சு அதிகம் வாங்கினால் லீவைப் பார்க்காதே. அவசரப் பிரிவு எந்நேரமும் திறந்திருக்கும். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை காலை போயே ஆக வேண்டும். ஆறரை மணிக்கு உன் தெருமுனையில் நிற்பேன். நீ கூப்பிட்டால் வருவேன், இல்லாவிட்டால் நின்றுவிட்டுப் போவேன்.

நீ எழுதியது அத்தனையும் உண்மை. அப்படித்தான் சொன்னேன். கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். வாய் தவறவில்லை அக்கா. அது அன்றைக்கு முளைத்ததில்லை.

மாமா காரியம் முடிந்து, உனக்கும் இருக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னாய். அந்த வருஷப் பொங்கலுக்கு நீ வருவதற்கு முதல் நாள் ராசாத்தியிடம் ஒன்று சொன்னேன். "அக்காவுக்கு இனிமே எப்பவும் இலையிலதான் போடணும். பொறந்த வீட்டு மரியாதை." தோட்டம் வைத்திருப்பவன் வீட்டில் இலைக்கா பஞ்சம்? அவளும் நம்பினாள். பதினோரு வருஷமாகக் கிழியாத நுனி இலையாகப் பார்த்து அறுத்து, கழுவி, உனக்குப் போட்டாள். நாங்கள் எல்லாரும் தட்டில் சாப்பிட்டோம்.

மரியாதை இல்லை. நீ சாப்பிட்ட தட்டு எங்கள் வீட்டில் இருக்கக் கூடாது என்று பயந்தேன். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, தட்டில் டம்ளரில் பரவாது என்று நீ மாத்திரை வாங்குகிற அந்த சென்டரில் சொன்னபோது உன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக் கேட்டவன் நான். கேட்டுவிட்டு வந்தும் பயந்தேன். அதோடு விடவில்லை. கே.கே. நகரில் ஒரு லேபில் பேரை மாற்றிக் கொடுத்து மூன்று தடவை டெஸ்ட் எடுத்தேன். மூன்றிலும் இல்லை என்று வந்தது. சுத்தமான ரத்தம் என்று கத்தினேனே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று இப்போது உனக்குத் தெரியும்.

நேற்று உன் கடிதம் வந்ததும் ராசாத்தியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வியாதியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. "எங்கிட்ட மறைச்சதுகூடப் போகட்டும். என் கையாலயே அந்த எலையப் போட வச்சீங்களே, அண்ணி என்ன நெனச்சுக்கிட்டு சாப்பிட்டிருப்பாங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள்.

உனக்கு இது தெரியாது என்றே இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். தெரியாமலே போய்விடட்டும் என்றும் இருந்தேன். இப்போது சொல்வதும் என் பாரத்தை இறக்கிவைக்கத்தானோ என்னவோ. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். போய் வா அக்கா. என்னைத் திட்டவாவது நீ இருக்க வேண்டும்.

முருகானந்தம்


ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு
9.10.2025

தம்பி முருகானந்தத்துக்கு,

நர்ஸம்மாவிடம் பேனா வாங்கி எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

வெள்ளிக்கிழமை நீ நின்றதைப் பார்த்தேன். நான் போன ஆட்டோ உன்னைத் தாண்டித்தான் போனது. நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய். பவுனம்மாள், "கலை, ஒந் தம்பி நிக்குது" என்றாள். "நிக்கட்டும்" என்றேன். பாலத்தைத் தாண்டிய பிறகு, கூப்பிட்டிருக்கலாமோ என்று இருந்தது.

பவுனம்மாள் எப்படி வந்தாள் என்று நினைப்பாய். வியாழக்கிழமை சாயங்காலம் நான் படியில் குடத்தோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறாள். மறுநாள் ஆறு மணிக்கு மேலே வந்து நின்றாள். "என் மருமககிட்ட மட்டுந்தான் சொன்னேன் கலை. அது இப்பிடித் தெருவெல்லாம் போகும்னு நெனைக்கல. உன் மூஞ்சில முழிக்க வெக்கமா இருந்துச்சு. இப்ப எதுவும் கேக்காத, ஆட்டோ நிக்குது, ஏறு" என்றாள். வழி முழுக்க அவள் ஒரு பக்கம் பார்த்தாள், நான் ஒரு பக்கம் பார்த்தேன். ஏழு வாரமாக அவள் கீழேயும் நான் மேலேயும் ஒரே வெட்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரத்தம் ஐந்துக்கு இறங்கியிருந்தது. டாக்டரம்மா திட்டினார்கள். "முகம் உப்பினா உப்பட்டும்மா. உசுரு இருந்தா அது தானா வத்தும். நானே கொஞ்சம் கொஞ்சமாத்தான் கொறைப்பேன், நீங்களா கை வைக்கக் கூடாது" என்றார்கள். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து இன்றைக்கு ஏழரை. கண் வெளுத்து வருகிறது. இந்த முறை ரத்தம் ஏற்றாமலே சமாளிக்கலாம் என்கிறார்கள். இன்னாசிராஜ் என்பவரை நானும் பார்த்தேன். என் தம்பியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த வராந்தா வழியாகத்தான் சக்கர நாற்காலியில் தள்ளிப்போனார்கள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். பிறகு திறந்து பார்த்தேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு இருந்த இருபது பேரும் அவரவர் நோயாளியோடு எப்போதோ வீட்டுக்குப் போய்விட்டார்கள். நான்தான் அவர்களை ஏழு வாரமாக என் மாடியில் உட்காரவைத்துச் சோறு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

இலை விஷயம் எனக்குத் தெரியும்.

முதல் வருஷம் தெரியாது. சந்தோஷப்பட்டேன். புருஷன் போன பிறகும் பிறந்த வீட்டில் நுனி இலை போடுகிறார்கள் என்று பெருமைப்பட்டேன். மறு வருஷம் பானு, "ஏம்மா, உனக்கு மட்டும் எலை?" என்று கேட்டாள். பெரியவர்களுக்கு இலைதான் என்றேன். எதிரில் உன் மாமனார் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பதினோரு வயதுப் பெண் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அவள் பார்வையில்தான் எனக்குப் புரிந்தது.

தெரிந்த பிறகும் வருஷம் தவறாமல் வந்தேன். ராசாத்தி எடுக்க வருவதற்கு முன்னால் நானே இலையை மடித்துக் கொண்டுபோய்த் தோட்டத்துக் குழியில் போட்டேன். டம்ளர் உங்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுவந்தேன். நீ கவனித்தாயோ இல்லையோ. உன் பயத்துக்கு நானே ஒத்தாசை செய்தேன். கேட்டுவிட்டால் அந்த வீடும் இல்லாமல் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை எழுத எனக்கு எவ்வளவு கூசுகிறது தெரியுமா? ராசாத்தியிடம் சொல், அவள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவள் மரியாதையாகத்தான் போட்டாள்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. எழுதினால் பொய்யாகிவிடும். நாம் போதுமான அளவுக்குப் பொய் சொல்லியாயிற்று.

பதினெட்டாம் தேதி வீட்டுக்கு விடுவார்களாம். தீபாவளிக்குப் பானு வருகிறாள். அவளிடம் நானே எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன். தீபாவளி அன்றைக்கு மத்தியானம் ராசாத்தியைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வா. சீர் என்று எதுவும் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். இலைக்கட்டும் வேண்டாம்.

என் வீட்டில் மூன்று தட்டுதான் இருக்கிறது. பானுவுக்கு ஒன்று, ராசாத்திக்கு ஒன்று. இன்னொன்று நான் தினமும் சாப்பிடுகிற தட்டு, அது உனக்கு. நீ சாப்பிட்டு முடித்ததும் அதைக் கழுவி நான் சாப்பிட்டுக்கொள்வேன். முடியும் என்றால் வா. முடியாது என்றால் காய்ச்சல், பஸ் இல்லை என்று சாக்கு எதுவும் எழுதாதே, வராமல் இருந்துவிடு.

அக்கா
கலைமதி